பிரேக்கர் ட்ரிப் ஆகாமலே கருகும் இணைப்புகள்: பழைய ட்ரெயிலரின் வயரிங்கை எப்படிப் பார்ப்பது

கனடாவிலோ அமெரிக்காவிலோ பழைய கேம்பிங் ட்ரெயிலர் வாங்கப் போகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா, டயர் எந்த ஆண்டுடையது, தரை எங்காவது அமுங்குகிறதா என்றெல்லாம் கவனமாகப் பார்க்கிறார்கள். வயரிங் என்று வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்த்து, ஏ.சி.யைக் கொஞ்சம் ஓடவிட்டு, எல்லாம் வேலை செய்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். கருகிக்கொண்டிருக்கும் சாக்கெட்டிலும் ஏ.சி. ஓடத்தான் செய்யும். அதனால் வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, எங்கே சூடாகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக்கரின் வேலை, வயர் தாங்குவதைவிட அதிகக் கரண்ட் போனால் துண்டிப்பது. 14 கேஜ் வயருக்கு 15 ஆம்ப், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30 (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). ஆனால் ஒரு திருகு தளர்ந்தாலோ, சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி விரிந்துபோனாலோ கரண்ட் கூடுவதில்லை. அந்த இடத்தில் தடைதான் கூடுகிறது. 25 ஆம்ப் ஓடும்போது ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் 25 × 25 × 0.1, அதாவது சுமார் 62 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் இறங்கும். சூடான சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி வைத்தது போலத்தான். 30 ஆம்ப் பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. வெப்பம் ஏற ஏறப் பித்தளை தன் இறுக்கத்தை இழக்கும், செம்பு கறுக்கும், தடை இன்னும் கூடும். பக்கத்தில் இருப்பதோ மெல்லிய பிளைவுட்டும் ஃபோமும்.

வீட்டின் வயரிங் அசைவதில்லை. ட்ரெயிலரின் வயரிங் ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்குகிறது. குளிர்காலம் முழுக்க உறைந்து, கோடையில் வெந்து, ஈரம் குடிக்கிறது. தொழிற்சாலையில் சரியாக முடுக்கிய திருகும் சில ஆண்டுகளில் தளரும். கரண்ட் வரும் வழியிலேயே நடந்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பதுதான் முறை.

பெடஸ்டலும் பிளக்கும்

30 ஆம்ப் ட்ரெயிலரின் பிளக் டிடி-30 (TT-30) என்னும் மூன்று முனை வகை. 120 வோல்ட், 30 ஆம்ப், மொத்தம் 3600 வாட். கேம்ப்கிரவுண்ட் பெடஸ்டலில் (ட்ரெயிலருக்கு மின்சாரம் தரும் கம்பம்) இருக்கும் சாக்கெட் ஒரு பருவத்தில் எத்தனையோ பேர் செருகிப் பிடுங்கியது. உள்ளே இருக்கும் பிடி தேய்ந்திருக்கும். பிளக்கைச் செருகும்போது எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று போனால், அல்லது சாக்கெட்டின் முகத்தில் பழுப்புக் கறை இருந்தால், வேறு இடம் கேளுங்கள். வேறு இடம் இல்லை, அதே பெடஸ்டலில் 50 ஆம்ப் சாக்கெட் இருக்கிறது என்றால் 50க்கு 30 அடாப்டர் போட்டு அதிலிருந்து எடுக்கலாம். அந்தச் சாக்கெட் பெரும்பாலும் குறைவாகத் தேய்ந்திருக்கும். ட்ரெயிலருக்குள் இருக்கும் 30 ஆம்ப் மெயின் பிரேக்கர் லோடைக் கட்டுப்படுத்தும். ஆனால் கேபிளே நசுங்கி ஷார்ட் ஆனால் அதைத் துண்டிக்க வேண்டியது பெடஸ்டலின் 50 ஆம்ப் பிரேக்கர்தான். ஆகவே கேபிளில் வெட்டுக்காயம் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

செருகும் முன் மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுங்கள். ஹாட்டுக்கும் (கரண்ட் வரும் முனை) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் முனை) இடையே 120 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் (எர்த்) அதேபோல். நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். ஒன்றிரண்டு வோல்ட் வரை பரவாயில்லை. முதல் அளவு 240 காட்டினால் செருகவே கூடாது. இது வீட்டு முற்றத்தில் புதிதாகப் போட்ட சாக்கெட்டுகளில் நடக்கும் தவறு. மூன்று முனை, 30 ஆம்ப் என்றதும் பழைய டிரையர் சாக்கெட் என்று நினைத்து, அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கூட இரண்டு ஹாட் கொடுத்துவிடுவார். கன்வெர்ட்டர் (120 வோல்ட்டை 12 ஆக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), மைக்ரோவேவ், ஏ.சி. போர்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். வேலை கொடுக்கும்போதே 'டிடி-30, 120 வோல்ட் மட்டும், சிங்கிள் போல் பிரேக்கர்' என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

வரிசையும் முக்கியம். பெடஸ்டல் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போடுங்கள். கிளம்பும்போது ஏ.சி., ஹீட்டரை நிறுத்தி, பிரேக்கரை அணைத்து, அதன் பிறகு பிடுங்குங்கள். லோடோடு பிடுங்கினால் முனையில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் பித்தளையில் ஒரு சிறு குழி விடும். அடுத்த முறை அந்தக் குழியில்தான் சூடு தொடங்கும்.

ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும். ட்ரெயிலர் பக்கத்தில் கேபிள் சுழற்றிப் பூட்டும் வகையாக இருந்தால் அந்த முனையையும் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பெடஸ்டல் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். சுழற்றியது பாதியில் நின்று, வெளி வளையமும் முடுக்கப்படாமல் இருந்தால் கருகுவது இந்தப் பக்கம்.

கறுத்துக் குழி விழுந்த பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்துவது வீண் வேலை. சூட்டில் உலோகத்தின் இறுக்கம் போய்விட்டது, தேய்த்தால் திரும்பாது. மாற்றும்போது பழைய பிளக்கை மட்டும் வெட்டினால் போதாது. உள்ளே இருக்கும் செம்பு இழைகள் பளபளப்பாகத் தெரியும்வரை, தேவைப்பட்டால் பல அங்குலம், கேபிளைப் பின்னால் வெட்டிக்கொண்டே வர வேண்டும். கறுத்த செம்பை எந்தத் திருகும் சரியாகப் பிடிக்காது. கறுப்பு வயர் பித்தளைத் திருகுக்கு, வெள்ளை வெள்ளித் திருகுக்கு, பச்சை பச்சைத் திருகுக்கு.

வீட்டின் 15 ஆம்ப் சாக்கெட்டிலிருந்து அடாப்டர் போட்டு, ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஏ.சி. ஓட்டுவது இன்னொரு பழக்கம். 16 கேஜ், 50 அடி கேபிளில் போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 0.4 ஓம். 13 ஆம்ப் போனால் 5 வோல்ட் வழியிலேயே விழும், கேபிளில் 68 வாட் வெப்பம் உண்டாகும். கேபிள் சுருட்டியபடி கிடந்தால் அந்த வெப்பத்துக்கு வெளியேற வழி இல்லை. 10 கேஜ் கேபிளில் அதே கரண்டுக்கு இழப்பு 1.3 வோல்ட்தான். பேட்டரி சார்ஜ் ஆக, ஃபிரிட்ஜைக் குளிர வைக்க மெல்லிய கேபிள் போதும், ஏ.சி.க்குப் போதாது.

வோல்டேஜ் குறைந்தால் ஏ.சி.யின் கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும். கோடை விடுமுறையில் எல்லோரும் ஏ.சி. போடும் மாலை நேரத்தில் கேம்ப்கிரவுண்டில் இது சாதாரணம். இ.எம்.எஸ். என்று விற்கப்படும் பாதுகாப்புக் கருவிகளில் பெரும்பாலானவை சுமார் 104 வோல்ட்டுக்குக் கீழேயும் 132க்கு மேலேயும் போனால் துண்டித்துவிடும். கிரவுண்ட் இல்லை, ஹாட்டும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லும். விலை குறைந்த வெறும் சர்ஜ் புரொடெக்டர் இப்படித் துண்டிக்காது. 50 ஆம்ப் ட்ரெயிலர் வைத்திருப்பவர்களுக்கு இ.எம்.எஸ். இன்னும் அவசியம். அங்கே இரண்டு ஹாட் வரும்; நியூட்ரல் விட்டுப்போனால் 240 வோல்ட் இரண்டு பக்கமும் லோடைப் பொறுத்துப் பிரிந்து, ஒரு பக்கம் 80, மறுபக்கம் 160 என்றுகூட ஆகும். பிரேக்கர் அப்போதும் பேசாமல் இருக்கும்.

பேனலும் சுவர் சாக்கெட்டுகளும்

பிரேக்கர்கள் இருக்கும் பேனலைத் திறக்கும் முன் கேபிளைப் பிடுங்கி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சோலார் பேனல் இருந்தால் அதன் ஃபியூஸையும் எடுக்க வேண்டும். வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த வயர் உயிரோடுதான் இருக்கும்.

உள்ளே ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். பிரேக்கரில் இருக்கும் கறுப்பு வயரைப் பலர் பார்ப்பார்கள். வெள்ளை வயர்கள் சேரும் நியூட்ரல் பட்டையை விட்டுவிடுவார்கள். கறுப்பில் போகிற அதே கரண்ட்தான் வெள்ளையிலும் திரும்புகிறது, தளர்ந்தால் அதுவும் அதே அளவு கருகும். எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது பேனல் கதவின் உட்புற லேபிளில் இன்ச்-பவுண்டில் இருக்கும். டார்க் ஸ்குரூடிரைவர் பயன்படுத்துங்கள். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் வயர் நசுங்கி, அதுவே நாளடைவில் தளரும். ட்ரெயிலருக்குள் நியூட்ரல் பட்டையும் கிரவுண்ட் பட்டையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இணைத்து வைத்திருந்தால் திரும்பும் கரண்டின் ஒரு பங்கு சட்டகத்தின் வழியாகப் போகும். முன்பு வைத்திருந்தவர் 14 கேஜ் வயரில் 20 ஆம்ப் பிரேக்கர் மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று பெரிய பிரேக்கர் போடுவதைப் போன்ற ஆபத்தான வேலை ட்ரெயிலரில் வேறு இல்லை. ஜெனரேட்டர் இணைப்பு உள்ள வண்டியில் பெடஸ்டலுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் என்று ஒரு பெட்டி எங்காவது கட்டிலுக்கு அடியில் இருக்கும். முழுக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது, அதையும் திறந்து பாருங்கள்.

அடுத்து சாக்கெட்டுகள். பழைய ட்ரெயிலரில் அதிகம் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். சுவர் மெல்லியது என்பதால், பின்னால் பெட்டியே இல்லாத ஒரு வகை சாக்கெட்டை ட்ரெயிலர்களில் போடுகிறார்கள். கேபிளை நறுக்காமல், மேலுறையை மட்டும் உரித்து, ஒவ்வொரு வயரையும் இரண்டு உலோகக் கவைகளுக்கு நடுவே அழுத்தி, பின்மூடியைப் பூட்டிவிடுவார்கள். திருகே கிடையாது. அமெரிக்க மின்விதிகள் இதை அனுமதிக்கின்றன, ஃபோன் சார்ஜரும் டிவியும் மட்டும் செருகினால் சிக்கலும் இல்லை. அதில் 1500 வாட் ஹீட்டரைச் செருகினால் 12.5 ஆம்ப், மணிக்கணக்காக. 15 ஆம்ப் சர்க்யூட்டில் தொடர்ந்து ஓடும் லோடு 80 சதவீதத்துக்குள், அதாவது 12 ஆம்புக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாக்கெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்தவை. கடைசி சாக்கெட்டில் ஹீட்டர் போட்டால் வழியில் இருக்கும் எல்லாச் சாக்கெட்டுகளின் வழியாகவும் அந்த 12.5 ஆம்ப் போகும். அதனால்தான் எதுவுமே செருகாத ஒரு சாக்கெட், சோபாவுக்குப் பின்னால், உருகிக் கிடக்கும். எந்தச் சாக்கெட்டுகள் ஒரே பிரேக்கரில் இருக்கின்றன என்று வரைந்து வைத்துக்கொண்டு, ஹீட்டர் ஓடும்போது ஒவ்வொன்றின் முகத்தையும் தொட்டுப் பாருங்கள்.

மாற்றுவதற்கு, ரீமாடல் பாக்ஸ் எனப்படும், சுவரில் துளையிட்டுப் பொருத்தும் ஆழம் குறைந்த பெட்டியும், திருகில் வயர் கட்டும் சாதாரண சாக்கெட்டும் வேண்டும். பின்புறத் துளையில் குத்தும் வகை வேண்டாம். பெட்டியின் கொள்ளளவைப் பாருங்கள்: 14 கேஜ் கேபிள் ஒன்று மட்டும் வந்தால் 10 கன அங்குலம், இரண்டு வந்தால் 14, உள்ளே கிளாம்ப் இருந்தால் இன்னும் 2. வாங்கும் முன் சுவரின் ஆழத்தை அளந்துவிடுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் மைக்ரோவேவ், காபி மெஷின், ஹீட்டர் செருகும் மூன்று நான்கையாவது மாற்றுங்கள்.

லோடுக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூரை ஏ.சி. 12 முதல் 16 ஆம்ப். தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட் சுமார் 12. மைக்ரோவேவ் 12 அல்லது 13. கன்வெர்ட்டர் பேட்டரியின் நிலையைப் பொறுத்து 8 வரை. ஏ.சி. ஓடும்போது தண்ணீர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் பெடஸ்டல் பிளக் நிம்மதியாக இருக்கும். குளிருக்குக் கேஸ் ஃபர்னஸ்தான் முதல் தேர்வு. மின் ஹீட்டர் வேண்டுமென்றால் 750 வாட்டில் வையுங்கள், 6.25 ஆம்போடு முடியும்.

12 வோல்ட் பக்கம்

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனாலேயே ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பேட்டரியின் இரு முனையும் நேரடியாகச் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். 30 ஆம்ப் ஃபியூஸுக்குப் பின்னால் இருக்கும் வயர்கூட ஓர் உரசலில் 360 வாட் வரை கொட்டும், ஃபியூஸ் அதை நியாயமான லோடு என்றே எடுத்துக்கொள்ளும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். பல ட்ரெயிலர்களில் முன் சட்டகத்தில் தீப்பெட்டி அளவில், மூடி இல்லாத இரண்டு திருகோடு ஒரு குட்டி பிரேக்கர் இருக்கும். அவற்றில் பல தானாகவே மீளும் வகை. ஷார்ட் ஆனால் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி இணைக்கும், மறுபடி துண்டிக்கும். ஒவ்வொரு முறையும் உரசும் இடம் இன்னும் சுடும். அதை எடுத்துவிட்டு, கையால் மீட்க வேண்டிய வகையோ ஃபியூஸோ போட்டு, ரப்பர் மூடி மாட்டுங்கள்.

பிறகு ட்ரெயிலருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வயர் சட்டகத்தின் துளை வழியாகப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இருக்க வேண்டும். ஸ்லைடு அவுட் (வெளியே நீளும் அறைப் பகுதி) இருந்தால் ஒருவர் இயக்க, மற்றவர் அடியில் இருந்து வயர் எங்கே மடிகிறது, எங்கே நசுங்குகிறது என்று கவனிக்கட்டும். மின் பிரேக்குக்கான வயர் அச்சுக் குழாய்க்குள் போகும் வண்டிகளில் அது குழாய் விளிம்பில் உரசித் தேயும். குழாய்க்கு வெளியே புது வயர் போடுவதே நல்லது. எலி கடித்த தடம் கண்டால் தெரியும் துண்டை மட்டும் ஒட்டாமல் அந்த வயரை இரு முனையும் தெரியும்வரை தொடருங்கள். இழைகளை அறுத்துப் பிடிக்கும் நீலக் கிளிப் இணைப்புகளையும், பல இழை வயரைச் சுழல்மூடியால் முறுக்கிய இணைப்புகளையும் வெட்டி எறிந்துவிட்டு, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டரை ராட்செட் கிரிம்பரால் அழுத்துங்கள். சட்டகத்தில் கிரவுண்ட் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்குங்கள்.

ஒளிந்திருக்கும் கெட்ட இணைப்பைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. லோடு ஓடும்போது மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டாது. 20 ஆம்ப் ஓடும்போது 0.5 வோல்ட் காட்டினால் அங்கே 10 வாட் எரிகிறது. ஃபியூஸ் பிடியின் பிளாஸ்டிக்கை உருக்க அது போதும். இந்தச் சோதனை 12 வோல்ட் பக்கத்துக்கு மட்டும். 120 வோல்ட் பக்கத்தில் செய்யாதீர்கள்.

இப்போது பலரும் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டு, 2000 வாட் இன்வெர்ட்டரும் சேர்க்கிறார்கள். 2000ஐ 12ஆல் வகுத்தால் 167 ஆம்ப்; இன்வெர்ட்டரின் இழப்பும் சேர்ந்தால் 185க்கு மேல். இதற்கு 2/0 அளவுச் செம்புக் கேபிள், முடிந்தவரை குட்டையாக. 250 ஆம்ப் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ், பேட்டரிக்கு அருகில். ஏன் கிளாஸ் டி? லித்தியம் பேட்டரி ஷார்ட்டில் விடும் கரண்டில் சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே பொறி நீண்டு தொடர்ந்து கடத்தக்கூடும். கிளாஸ் டி 20,000 ஆம்ப் வரை துண்டிக்கும், ஏ.என்.எல். வகை 6,000 வரைதான். லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் வளைய முனை) ஹைட்ராலிக் கருவியால் அழுத்துங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். மாட்டும்போது லக் நேராக முனையத்தின் மேல் அமர வேண்டும், வாஷர் அதற்கு மேலே. வாஷரை லக்குக்கு அடியில் வைத்தால் முழுக் கரண்டும் அந்தத் துருப்பிடிக்காத எஃகு வளையத்தின் வழியாகப் போகும். சின்னத் தவறுதான், ஆனால் முனையமே உருகிப்போகும்.

இழுக்கும் வண்டியிலிருந்து ஏழு முனை பிளக் வழியாக வரும் சார்ஜ் வயர் மெல்லியது. லித்தியம் அதில் கிடைத்ததை எல்லாம் உறிஞ்சும். நடுவில் 20 ஆம்ப் அளவில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றைப் போட்டுக் கட்டுப்படுத்துங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஏழு முனையை விட்டுவிட்டு, ஃபியூஸோடு தனியே தடித்த கேபிள் இழுக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ், அலாரம், வெளியேறும் ஜன்னல்

கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜுக்குள் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன. ஹீட்டிங் எலிமென்ட் பக்கத்துக் குழாய் விரிசல் விட்டால் எரியும் வாயு வெளியே வரும். ஃபிரிட்ஜ் தயாரிக்கும் நிறுவனங்களில் டோமெட்டிக் 2006இலும், நார்கோல்ட் தன் 1200 வரிசைக்கு 2010இலும் திரும்ப அழைப்பு அறிவித்தன. பழைய வண்டி வாங்கினால் 17 இலக்க வின் எண்ணோடு (வண்டியின் அடையாள எண்) ஃபிரிட்ஜின் மாடல் எண்ணையும் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்திலோ கனடாவின் போக்குவரத்துத் துறைத் தளத்திலோ தேடுங்கள். பின்புற மூடியைத் திறந்தால் மஞ்சள் தூள் தெரிகிறதா, அம்மோனியா நெடி வருகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஓட்டக் கூடாது. அதிகச் சூட்டில் துண்டிக்கும் சென்சாரை 'ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது' என்று நேர்வயர் போட்டுக் கடந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தீயணைப்பானின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கதவருகே தொங்குவது பி (எரியும் திரவம்), சி (மின்சாரம்) வகைத் தீக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். எரியப்போவது பிளைவுட்டும் மெத்தையும், அதற்கு ஏ, பி, சி மூன்றும் உள்ளது வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த, கிட்டே (Kidde) நிறுவனத்தின் தீயணைப்பான்கள் சுமார் 4 கோடி, 2017 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்ப அழைக்கப்பட்டன. அவை பழைய ட்ரெயிலர்களில் இன்னும் தொங்குகின்றன. கேஸ் அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரைதான், புகை அலாரம் பத்து. பச்சை விளக்கு எரிந்தாலும் பின்னால் அச்சிட்ட தேதி கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கருகும் வாடை வந்தால் முதலில் எல்லோரும் வெளியே. பிறகு வெளியில் நின்றபடி பெடஸ்டல் பிரேக்கரை அணைத்து, நெருங்க முடிந்தால் மட்டும் சிலிண்டர் வால்வை மூடி, பேட்டரி டிஸ்கனெக்டைத் திருப்புங்கள். சுவருக்குள் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரையை எட்டிவிடும்; பொருள் எடுக்க உள்ளே போகாதீர்கள். படுக்கையறையில் சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னல் தப்பிப்பதற்கானது. பல ஆண்டு திறக்காவிட்டால் அதன் ரப்பர் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முழுக்கத் திறந்து, குழந்தைகளையும் ஒரு முறை தாங்களாகவே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.